"எனக்கு ஏதாவது ஆச்சுன்னா, அவனுக்கு நீதான் போன் பண்ணணும்!"

2025 மே 7 அதிகாலை. நைட் ஷிஃப்ட்டில் இருந்தேன். 'ஆபரேஷன் சிந்தூர்' தொடங்கிவிட்டது என்று தகவல் வந்ததும் எங்கள் டிஜிட்டல் டெஸ்க்கில் லைவ் அப்டேட்ஸ் பக்கத்தைத் திறந்தோம். அடுத்த நான்கு நாள்களும் அதே கதைதான். ஷெல் வீச்சு, டிரோன், பிளாக்அவுட் என்று சில நிமிடங்களுக்கு ஒரு செய்தி. 'ராணுவ வீரர் வீரமரணம்' என்று அலர்ட் வரும்போதெல்லாம் பக்கத்து சீட்டில் இருப்பவர்கள் பெயரையும் ஊரையும் சரிபார்க்க ஆரம்பித்துவிடுவார்கள். எனக்கு மட்டும் கை மவுஸிலேயே நின்றுவிடும். பெயரைப் படித்து முடித்த பிறகுதான் மூச்சு வரும். இன்னொருவர் வீட்டில் இழவு விழுந்திருக்கிறது, நமக்கு நிம்மதி வருகிறதே என்று உடனே வெட்கமாகவும் இருக்கும்.

என் போனில் 'கேஸ் சிலிண்டர் 2' என்று ஒரு நம்பர் சேவ் செய்திருக்கிறேன். அது கேஸ் ஏஜென்சி நம்பர் இல்லை. அந்த நான்கு நாள்களில் அதை எத்தனை முறை திறந்து பார்த்து மூடினேன் என்று எனக்கே தெரியாது.

பிளஸ் டூ முடித்த விடுமுறையில் டைப்ரைட்டிங் கிளாஸ் போனேன். அங்கே பழக்கமானவன் அவன். எங்கள் ஊர்க்காரன் அல்ல. எந்த ஊர், எந்தப் படைப்பிரிவு என்றெல்லாம் எழுதப்போவதில்லை. அடையாளம் தெரியக்கூடாது என்பதற்காக ஓரிரு விவரங்களை மாற்றியும் இருக்கிறேன். காரணம் போகப்போகப் புரியும். காலையில் நாலரை மணிக்கு ஏரிக்கரையில் ஓடிவிட்டு, ஷூவில் சேறோடு கிளாஸுக்கு வருவான். லோயர் பரீட்சை எழுதிய கையோடு ஆள்சேர்ப்பு முகாமுக்குப் போனான். உள்ளே சேர்ந்துவிட்டான். அவன் அம்மா எங்கள் எல்லோருக்கும் மைசூர்பாகு கொடுத்தனுப்பினார்.

மூன்று வருடங்களுக்கு முன் லீவில் வந்தபோது பஸ் ஸ்டாண்டில் டீ குடித்துக்கொண்டிருந்தோம். "எப்போடா கல்யாணச் சாப்பாடு?" என்று கேட்டேன். எல்லோரும் கேட்கிற கேள்விதான். டீ கிளாஸையே பார்த்துக்கொண்டிருந்தவன், "ஒருத்தன் இருக்கான். ரெண்டு வருஷமா" என்றான். 'ஒருத்தன்' என்பது எனக்கு உடனே விளங்கவில்லை. விளங்கியதும் என்ன சொல்வதென்று தெரியாமல், "டீ ஆறிடும், குடி" என்றேன். இப்போது யோசித்தால் சிரிப்பு வருகிறது. ஆனால், அந்தப் பதில் அவனுக்குப் போதுமானதாக இருந்திருக்க வேண்டும். அன்றைக்குத்தான் அந்த நம்பரைக் கொடுத்தான்.

"ரெக்கார்டுல அம்மா பேருதான் இருக்கு. எனக்கு ஏதாவது ஆச்சுன்னா போன் அம்மாவுக்குப் போகும். அது சரிதான், போகணும். ஆனா அவனுக்கு? டிவில ஸ்க்ரோல் ஓடறதைப் பாத்து தெரிஞ்சுக்கணுமா? நீதான் நியூஸ்ல இருக்கியே, உனக்கு முன்னாடியே தெரிஞ்சிடும். அவனுக்கு நீதான் போன் பண்ணணும்."

தன்பாலீர்ப்பாளர்கள் ராணுவத்தில் வெளிப்படையாகப் பணியாற்றலாமா என்ற கேள்வியை எத்தனையோ விவாதங்களில் கேட்டிருக்கிறேன். வானவில் கொடி, ஊர்வலம், கலாசாரம் என்று பேச்சு எங்கெங்கோ போகும். எனக்கு அன்றிலிருந்து அந்தக் கேள்வி ஒரு போன் காலாகச் சுருங்கிவிட்டது.

சட்டம் என்ன சொல்கிறது? 2018 செப்டம்பர் 6 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு, வயதுவந்த இருவர் விருப்பத்தோடு கொள்ளும் தன்பால் உறவு குற்றமல்ல என்று தீர்ப்பளித்தது. 1860-ம் ஆண்டு இந்திய தண்டனைச் சட்டத்தின் 377-வது பிரிவு அந்த அளவுக்குச் செல்லாமல் போனது. 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் அந்தப் பிரிவே இல்லை. ஆனால், ராணுவத்துக்குத் தனிச்சட்டம். 1950-ம் ஆண்டு ராணுவச் சட்டத்தின் 46-வது பிரிவு, 'இயற்கைக்கு மாறான' இழிநடத்தைக்கு ஏழு ஆண்டு வரை சிறைத்தண்டனை விதிக்க இடம் தருகிறது. அதிகாரிகள் என்றால் 'தகுதிக்குப் பொருந்தாத நடத்தை' என்று 45-வது பிரிவு. படைவீரர்களின் அடிப்படை உரிமைகளை மட்டுப்படுத்த நாடாளுமன்றத்துக்கு அதிகாரம் தரும் அரசமைப்பின் 33-வது கூறும் இருக்கிறது. வீட்டில் லுங்கியோடு இருக்கும்போது குற்றமில்லாதது, யூனிஃபார்ம் போட்டதும் வேறாகிவிடுகிறது.

தீர்ப்பு வந்து நான்கே மாதங்களில், 2019 ஜனவரியில், அப்போதைய ராணுவத் தளபதி ஜெனரல் பிபின் ராவத்திடம் செய்தியாளர்கள் இதைக் கேட்டார்கள். ராணுவத்தில் இதை ஏற்க முடியாது, ராணுவச் சட்டப்படிதான் கையாள்வோம் என்றார். ராணுவம் பழைமையைப் பேணும் அமைப்பு என்பது அவர் சொன்ன காரணம். பின்னாளில் குன்னூர் ஹெலிகாப்டர் விபத்தில் அவர் இறந்தபோது தமிழ்நாடே அழுதது. அந்தத் துக்கத்தில் எனக்கும் பங்குண்டு. இந்தப் பேச்சில் மட்டும் அவரோடு உடன்பட முடியவில்லை.

மேஜர் ஜே.சுரேஷ் என்று ஒருவர். பத்தாண்டுகளுக்கும் மேல் பணியாற்றிவிட்டு 2010-ல் ராணுவத்திலிருந்து விலகியவர். 2020-ல், தான் ஒரு தன்பாலீர்ப்பாளர் என்று வெளிப்படையாகச் சொன்னார். அவர் வாழ்க்கையால் உந்தப்பட்டு இயக்குநர் ஓனிர் ஒரு திரைக்கதை எழுதினார். ராணுவம் தொடர்பான படங்களுக்குப் பாதுகாப்பு அமைச்சகத்தின் தடையில்லாச் சான்று வேண்டும் அல்லவா? 2022-ல் அது மறுக்கப்பட்டது. காஷ்மீரில் பணியாற்றும் வீரருக்கும் உள்ளூர் இளைஞருக்கும் காதல் என்று காட்டுவது ராணுவத்தைத் தவறாகச் சித்திரிக்கிறது, பாதுகாப்புப் பிரச்னையும் இருக்கிறது என்று நாடாளுமன்றத்தில் அரசு பதில் சொன்னது. ஆக, நிஜத்தில் மட்டுமல்ல, கதையில்கூட இப்படி ஒருவர் இருக்கக் கூடாது.

மே 10 மாலை சண்டை நின்றது. மே 12 சித்திரைப் பௌர்ணமி. கூவாகம் திருவிழாவுக்கு ஸ்டோரி செய்யும் வேலை எனக்குத்தான் வரும். என் ஊர் களமருதூர். கூத்தாண்டவர் கோயில் இருக்கும் கூவாகமும் எங்கள் உளுந்தூர்ப்பேட்டை வட்டம்தான். அம்மா கையால் சாப்பிட்ட மாதிரியும் ஆச்சு என்று கிளம்பிவிட்டேன்.

அடுத்த தெருவில் மாமா வீடு. அம்மாவின் தம்பி. பட்டாளத்தில் ஹவில்தாராக இருந்து ரிட்டயர் ஆனவர். இப்போது கரும்பும் உளுந்தும்தான் அவர் உலகம். அந்த நான்கு நாளும் டிவி முன்னாலேயே உட்கார்ந்திருந்தாராம். பேரும் ஊரும் சொல்லாமல், "மாமா, இப்படி ஒரு பையன் பட்டாளத்துல இருக்கான்னு வெச்சுக்கோங்க" என்று ஆரம்பித்தேன்.

கேட்டுவிட்டுக் கொஞ்சநேரம் பேசவில்லை. பிறகு, "இன்னாம்மா நீ... பேரக்குல முப்பது பேரு ஒண்ணா படுக்கறோம், ஒண்ணா குளிக்கறோம். அங்க ஒருத்தன் எழுந்து நான் இந்த மாதிரின்னு சொன்னா, பக்கத்துக் கட்டில்காரன் இன்னா நெனப்பான்? பட்டாளம்னா ஒத்துமை. அது போச்சுன்னா எல்லாம் போச்சு" என்றார்.

இது சும்மா தள்ளிவிடக்கூடிய பேச்சு இல்லை. ஆபீஸில் ஏசி அறையில் உட்கார்ந்து டைப் செய்கிற நான், பனியில் ஒரே கூடாரத்தில் படுத்த மனிதருக்கு ஒற்றுமையைப் பற்றிப் பாடம் எடுக்க முடியாது. அதனால் ஒன்றுதான் கேட்டேன். "உங்க சர்வீஸ்ல அப்படி யாருமே இருந்ததில்லையா மாமா?"

"இருந்தான் ஒருத்தன்" என்றார். "எங்க கம்பெனியில ஒரு நாயக். எல்லாருக்கும் தெரியும். யாரும் கேக்கல, அவனும் சொல்லல. ஒரு தடவ பனியில வண்டி கவுந்துபோச்சு. ரெண்டு பேர தோள்ல தூக்கினு வந்தவன் அவன்தான்."

"அப்போ உங்க ஒத்துமை போச்சா?"

"அது வேற."

"எப்படி வேற?"

"அவன்தான் சொல்லலியே!"

அத்தை உள்ளிருந்து சிரித்தார். மாமாவும் லேசாகச் சிரித்தார். அப்புறம் அந்த நாயக் என்ன ஆனார் என்று கேட்டேன். "வூட்ல புடிச்சிக் கல்யாணம் பண்ணி வெச்சாங்க. லீவு முடிஞ்சி வந்தவன் யாரோடயும் பேச்சே இல்ல. சீக்கிரமே பென்ஷன் வாங்கினு போய்ட்டான்." மாமா அந்த நாயக்கை நினைத்துக்கொண்டிருந்தார். நான், யாரென்றே தெரியாத அந்த மனைவியை நினைத்துக்கொண்டிருந்தேன். 'சொல்லாமல் இருந்தால் பிரச்னையில்லை' என்கிறவர்களின் கணக்கில் அந்தப் பெண் வருவதே இல்லை.

மாமா விடவில்லை. "நீ படிச்சவ, உனக்குப் புரியுது. பட்டாளத்துல இருக்கறவன்லாம் நம்மள மாதிரி பட்டிக்காட்டுப் பசங்க. அவனுங்க ஒத்துக்க மாட்டானுங்க."

இந்த வாதத்தை நான் வேறொரு இடத்தில் படித்திருக்கிறேன். பெண் அதிகாரிகளுக்கு நிரந்தரப் பணி தருவது தொடர்பான வழக்கில், 2020-ல் மத்திய அரசு உச்ச நீதிமன்றத்தில் கிட்டத்தட்ட இதையேதான் சொன்னது. சிப்பாய்கள் பெரும்பாலும் கிராமத்து ஆண்கள். பெண் அதிகாரியின் கட்டளைக்குக் கீழ் வேலை செய்ய அவர்கள் மனம் இன்னும் பழகவில்லை என்று. நீதிமன்றம் ஏற்கவில்லை. 2020 பிப்ரவரி 17 அன்று பெண்களுக்குச் சாதகமாகத் தீர்ப்பு வந்தது. மறு வருடமே ராணுவ காவல் பிரிவில் முதல்முறையாக 83 பெண்கள், அதிகாரிகளாக இல்லாமல் சிப்பாய்களாகவே பயிற்சி முடித்து வெளியே வந்தார்கள். 2025 மே 7 காலை, சிந்தூர் தாக்குதல் பற்றி நாட்டுக்கு விளக்கியவர்களில் இருவர் கர்னல் சோஃபியா குரேஷியும் விங் கமாண்டர் வியோமிகா சிங்கும். அன்றைக்கு எந்தக் கிராமத்துப் பையன் கோபித்துக்கொண்டான்? எங்கள் தெரு பையன்கள் அந்த வீடியோவை ஸ்டேட்டஸ் வைத்தார்கள். மாமாவும் வைத்திருந்தார். எடுத்துக் காட்டினேன். "அது பொம்பளைங்கம்மா" என்றார். இருக்கட்டும்.

எனக்குக் கோபம் வந்தது வேறு விஷயத்தில். தனக்குப் பிடிக்காத ஒன்றைத் தள்ளிப்போட, மேலே இருப்பவர்கள் எப்போதும் எங்களைத்தான் சாக்காகச் சொல்கிறார்கள். கிராமத்தான் ஏற்க மாட்டான். எந்தக் கிராமத்தான்? கூவாகம் கிராமத்தானா?

அரவான் கதை உங்களுக்குத் தெரிந்திருக்கும். பாரதப் போரில் பாண்டவர் ஜெயிக்க ஒரு வீரனைக் களப்பலி கொடுக்க வேண்டும். முப்பத்திரண்டு லட்சணமும் பொருந்திய அரவான் சம்மதிக்கிறான். சாவதற்கு முன் ஒரு நாளாவது மணவாழ்க்கை வேண்டும் என்கிறான். மறுநாள் சாகப்போகிறவனுக்கு யார் பெண் கொடுப்பார்கள்? கண்ணனே மோகினியாகி வந்து தாலி கட்டிக்கொள்கிறான். இதை மாமாவுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அரவான் களப்பலி கூத்தை விடிய விடியப் பார்த்து வளர்ந்தவர் அவர்.

திருவிழாவில் பூசாரி கையால் தாலி கட்டிக்கொள்ளும் திருநங்கைகளைத்தான் டிவியில் காட்டுவார்கள். வேண்டுதலுக்காகச் சுற்றுப்பட்டு ஊர் ஆண்களும் தாலி கட்டிக்கொள்வதுண்டு, அதை அதிகம் காட்டுவதில்லை. மறுநாள் அரவானின் தேர் புறப்படும். பிறகு அழுகளம். தாலி அறுத்து, வளையல் உடைத்து, மாரடித்து அழுது, குளித்து வெள்ளைச் சேலை கட்டுகிறார்கள். நான் ஐந்தாறு முறை பார்த்திருக்கிறேன். ஒவ்வொரு முறையும், 'இது சடங்குதானே' என்று நினைத்துக்கொண்டு போய், தொண்டை அடைத்துத் திரும்பியிருக்கிறேன். போரில் செத்த ஒருவனுக்காக, உலகம் மனைவி என்று ஒப்புக்கொள்ளாத ஒருவர் ஊரறிய அழுகிற இடம் அது. யாரும் அவரிடம் அத்தாட்சி கேட்பதில்லை.

இங்கே ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். திருநங்கையும் தன்பாலீர்ப்பாளரும் ஒன்றல்ல. ஒன்று, தான் யார் என்பது. மற்றது, யார்மீது மனம் போகிறது என்பது. கூவாகத்தை வைத்து எங்கள் மாவட்டம் எல்லோரையும் அணைத்துக்கொள்கிறது என்று நான் ஜம்பம் அடிக்க மாட்டேன். திருவிழா முடிந்த மறுநாளே அதே திருநங்கைக்கு வாடகைக்கு வீடு கிடைக்காது. ஆனால், புரிந்துகொள்ளும் சக்தியே கிராமத்தானுக்குக் கிடையாது என்று சொல்கிறவர்கள், ஒரு சித்திரைக்கு இங்கே வந்துவிட்டுப் பேசட்டும்.

மற்ற நாடுகளில் இது எப்படி நடந்தது என்று அந்த வாரம் தேடிப் படித்தேன். பிரிட்டன் 2000 ஜனவரியில் தடையை நீக்கியது. அதுவும் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் குட்டிய பிறகு. அதற்கு முன், ஃபாக்லாந்து போரில் பணியாற்றிய ஜோ ஔசலிஸ் என்ற கடற்படை வீரரை வேலையை விட்டு நீக்கி, அவர் பதக்கத்தையும் பறித்துக்கொண்டார்கள். 2020-ல்தான் திருப்பிக் கொடுத்தார்கள். 2023-ல் பிரதமர் ரிஷி சுனக் நாடாளுமன்றத்தில் மன்னிப்பு கேட்டார். அமெரிக்காவில் 1993-லிருந்து 'கேட்காதே, சொல்லாதே' என்ற கொள்கை இருந்தது. எங்கள் மாமா கம்பெனியில் நடந்ததுதான், அங்கே சட்டமாகவே இருந்தது. சொன்னவர்களும் மாட்டிக்கொண்டவர்களுமாக 13,000-க்கும் மேற்பட்டவர்கள் வெளியேற்றப்பட்டார்கள். 2011 செப்டம்பர் 20-ல் அது முடிவுக்கு வந்தது. அந்தப் படைகள் ஒன்றும் கலைந்துபோய்விடவில்லை.

ஆனால், என்னைத் தூங்கவிடாமல் செய்தது அதற்கு அடுத்த வருடம் நடந்தது. டோனா ஜான்சன் என்ற ராணுவ வீராங்கனை, 2012 அக்டோபரில் ஆப்கானிஸ்தானின் கோஸ்ட் நகரில் தற்கொலைத் தாக்குதலில் கொல்லப்பட்டார். வயது 29. அந்த ஆண்டுதான் அவருக்கும் டிரேசி டைஸ் என்பவருக்கும் சட்டப்படி திருமணம் நடந்திருந்தது. டிரேசியும் ராணுவத்தில் இருந்தவர். டோனா எதையும் மறைக்கவில்லை, மறைக்கவேண்டிய சட்டமும் அப்போது இல்லை. இருந்தும், அமெரிக்க மத்திய அரசின் சட்டம் அந்தத் திருமணத்தை அங்கீகரிக்காததால், ராணுவம் மரணச் செய்தியைச் சொன்னது தாய்க்கு. மனைவிக்கு அல்ல. 2013-ல் அந்நாட்டு உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வந்த பிறகே டிரேசிக்கு வழி திறந்தது.

படித்து முடித்ததும் 'கேஸ் சிலிண்டர் 2' ஞாபகம்தான் வந்தது. 'வெளிப்படையாக இருக்கலாம்' என்று ஒரு உத்தரவு போட்டுவிட்டால் மட்டும் போதாது. ரெக்கார்டில் பெயர் எழுத இடம் வேண்டும்.

நம் நாட்டில் அந்த இடம் கொஞ்சம்கூட இல்லையா? 2023 அக்டோபரில் தன்பால் திருமணத்தை அங்கீகரிக்க உச்ச நீதிமன்றம் மறுத்துவிட்டது. ஆனால், 2024-ல் மத்திய அரசே சில விஷயங்களைத் தெளிவுபடுத்தியது. இணையர்கள் ஒரே ரேஷன் கார்டில் இருக்கலாம், சேர்ந்து வங்கிக் கணக்கு தொடங்கலாம். நெருங்கிய உறவினர்கள் இல்லாதபோது இணையரின் உடலைப் பெற்றுக்கொள்ளவும் வழிசெய்யும்படி மாநிலங்களுக்குச் சுகாதார அமைச்சகம் எழுதியது. ரேஷன் கடை அளவுக்கு வந்த அங்கீகாரம் ராணுவ முகாம் வாசலில் நின்றுவிடுகிறது.

அதே மே மாதம் 22-ம் தேதி, சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதிகள் ஜி.ஆர்.சுவாமிநாதன், வி.லட்சுமிநாராயணன் அமர்வு ஒரு தீர்ப்பு சொன்னது. பெற்றோர் வீட்டில் அடைத்துவைத்திருந்த 25 வயதுப் பெண்ணை மீட்க, அவர் இணையர் போட்ட ஆட்கொணர்வு மனு. குடும்பத்தை உருவாக்கத் திருமணம் ஒன்றே வழியல்ல என்றும், தாமே தேர்ந்தெடுத்துக்கொள்ளும் குடும்பம் என்பதும் உண்டு என்றும் நீதிபதிகள் சொன்னார்கள். அந்தப் பெண் எவர் பிடியிலும் இல்லாமல் தன் விருப்பப்படி போகலாம் என்றார்கள். அந்தச் செய்தியை அப்லோடு செய்தவள் நான். அதில் ஒரு வரி மனதில் தைத்தது. மனுதாரர் தன் மனுவில், தன்னை 'நெருங்கிய தோழி' என்று மட்டுமே குறிப்பிட்டிருந்தார். அந்தத் தயக்கம் தங்களுக்குப் புரிகிறது என்றது நீதிமன்றம்.

ஊரிலிருந்து சென்னைக்குக் கிளம்பும்போது மாமா பஸ் ஏற்றிவிட வந்தார். வண்டியில் போகும்போது ஒன்றும் பேசவில்லை. ஸ்டாப்பில் நிற்கும்போது, "அந்தப் பையன் நல்லாருக்கானா?" என்றார். எந்தப் பையன் என்று நான் கேட்கவில்லை. நல்லா இருக்கான் என்றேன்.

"நம்பர் உங்கிட்ட மட்டும்தான் இருக்கா?"

"ஆமா மாமா."

"அது தப்பும்மா. ராத்திரில நீ தூங்கிட்டீன்னா? போன்ல சார்ஜ் இல்லன்னா? இந்த மாதிரி நம்பர்லாம் ரெண்டு பேர்கிட்ட இருக்கணும். அவன்கிட்ட கேளு. சரின்னு சொன்னா எனக்கு அனுப்பு. சட்டம் கிட்டம்லாம் எனக்குத் தெரியாது, அது மேல இருக்கறவங்க பாத்துக்கட்டும்."

சென்னை வந்து அவனுக்கு மெசேஜ் செய்தேன். எங்கள் மாமா, முன்னாள் ஹவில்தார், களமருதூர், நம்பிக்கையான ஆள் என்று எழுதினேன். ப்ளூ டிக் விழுந்தது. இரண்டு நாளாகப் பதில் இல்லை. தப்பு செய்துவிட்டோமோ என்று கிடந்தேன். மூன்றாம் நாள் இரவு, "குடு" என்று ஒரே ஒரு வார்த்தை வந்தது.

அனுப்பினேன். பத்து நிமிடம் கழித்து மாமா போன் செய்தார்.

"இன்னா பேர்ல சேவ் பண்றதும்மா?"

நான் யோசிப்பதற்குள் அவரே, "சரி, உரக்கடைன்னு போட்டுக்கறன்" என்று சொல்லி வைத்துவிட்டார்.